வீழ்ந்த தலைவனும் வளர்த்த நாயும்

நன்றியறிதலுக்கு நாயை எடுத்துக்காட்டுதல் தமிழ் நூல் மரபு. நட்பின் இயல்பை ஆராயுமிடத்து நாலடியார் யானையையும் நாயையும் ஒருங்கு நிறுத்திக் காட்டுகின்றது. நெடுநாட் பழகிய பாகனையும் யானை கொல்லும் என்பதும், தன் மேல் வேலெறிந்தவனைக் கண்டும் நாய் அன்பு காட்டும் என்பதும் அந்நூல் கூறும் கருத்து. ஆயின் அங்கே புண்பட்டது நாய். தலைவன் புண்பட்டு வீழ்ந்தவிடத்து நாய் யாது செய்யும் என்பது பிறிதொரு வினா. அவ்வினாவிற்குத் தமிழர் பொறித்து வைத்த பழைய விடையொன்று ஏட்டிலன்றிக் கல்லிலே காணப்படுகின்றது.

தமிழகத்துத் திருவண்ணாமலை மாவட்டத்திலே எடுத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல் உளது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அஃதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி, அக்கல்லிலே குறிக்கப்பட்டுள்ளது. எருமைகளின் பொருட்டு நிகழ்ந்த பூசலிலே கருந்தேவக்கத்தி என்னும் வீரன் பட்டான். அவனுக்கெடுத்த கல்லிலே அவனுடைய நாயும் இடம்பெற்றது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர். அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்திருந்தது என்பது கல்வெட்டுச் செய்தி. போரிற் பட்ட வீரருள்ளும் பெயர் மறைந்தோர் எண்ணிலர். ஒரு நாயின் பெயரோ ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகள் நிலைத்து நிற்கின்றது. காத்தது எருமைகளையோ, வீழ்ந்தவன் உடலையோ என்பதைக் கல் விரித்துரைக்கவில்லை. ஒன்று மட்டும் தெளிவு: கோவிவன் எதிர்த்தது, கடித்தது, அகலாது நின்றது. ஊருக்குள் ஓடி ஆளழைத்து வந்ததாகக் கல் கூறவில்லை. இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

பாரதத்தின் மகாப்பிரஸ்தானிக பருவத்திலும் ஒரு நாய் வருகின்றது. பாண்டவர் வடதிசை நோக்கிச் செல்லுங்கால் திரௌபதி, சகாதேவன், நகுலன், அருச்சுனன், வீமன் என ஒருவர்பின் ஒருவராக வீழ்கின்றனர். நாயோ வீழ்ந்தார் எவரிடத்தும் தரித்து நிற்காது தருமபுத்திரனைப் பின்தொடர்கின்றது. தருமதேவதையே நாயுருக் கொண்டதாதலின் அதனிடம் சாதாரண நாயின் இயல்பை எதிர்பார்த்தல் பொருந்தாது போலும்.

இனி, நாய் தன் தலைவனைக் காப்பாற்றிய செய்திகள் எந்நாட்டுப் பத்திரிகையிலும் அவ்வப்போது வெளிவருவன. கிணற்றுள் வீழ்ந்தவனுக்காகக் குரைத்து ஊரைக் கூட்டிய நாய், தீப்பற்றிய வீட்டிலே உறங்கியவரை எழுப்பிய நாய் என அவை பலவகைப்படும். அவற்றுட் பல உண்மையாகவே இருத்தல் கூடும். ஆயினும் எசமான் வீழ்ந்து கிடக்க அருகே படுத்துறங்கிய நாயைப் பற்றி எந்தப் பத்திரிகை எழுதும்? வெற்றி பெற்ற நிகழ்ச்சிகள் மட்டும் எண்ணப்பட்டு ஏனையவை எண்ணப்படாதொழியின், அவ்வெண்ணிக்கையிலிருந்து நாயின் இயல்பைத் துணிதல் முறையாகாது. ஆகவே அறிஞர் சிலர் இதனைப் பரிசோதனையாற் காண முற்பட்டனர்.

கனடாவின் மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்து மக்பேர்சன், ரொபேட்ஸ் என்னும் உளவியலறிஞர் இருவர் 2006ஆம் ஆண்டிலே தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். முதற் பரிசோதனையில் நாயுடன் வெளியிலே நடந்து வந்த எசமான், மாரடைப்பு வந்தவர் போல நடித்து நிலத்தில் வீழ்ந்து அசைவற்றுக் கிடந்தார். சற்றுத் தொலைவிலே அயலார் ஒருவரோ இருவரோ அமர்ந்திருந்தனர். இவ்வாறு 12 நாய்கள் சோதிக்கப்பட்டன. இரண்டாம் பரிசோதனையில் நூலடுக்கு ஒன்று சரிந்து எசமானை அழுத்துவது போலவும், அவர் வலியாற் கூவுவது போலவும் ஒழுங்கு செய்யப்பட்டது. அதிலே 15 நாய்கள் பங்குபற்றின. நாய்கள் எசமானை முகர்ந்தன, அருகே நின்றன, சில அங்குமிங்கும் உலாவின. உதவி நாடி அயலாரிடம் சென்றதெனக் கொள்ளத்தக்க நாய் ஒன்றேனும் இல்லை. சிறிய பூடில் நாயொன்று மட்டும் அயலாரிடம் ஓடி மடிமீது ஏறிற்று. அதுவும் தன்னைத் தடவிக் கொடுக்கும்படி ஏறியதேயன்றி உதவி வேண்டி ஏறியதன்று என்பதே ஆராய்ந்தோர் துணிபு.

இம்முடிபைக் கேட்ட நாய்ப்பிரியர் பலர் மனம் வருந்தியிருப்பர். அவர் சார்பாகக் கூறத்தக்க தடையொன்று உண்டு. எசமான் உண்மையாக நோயுற்றிலர், நடித்தார். மனிதன் கண்ணை ஏமாற்றும் நடிப்பு நாயின் மூக்கையும் ஏமாற்றுமோ? வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரத்து அறிஞர் 2022இல் வெளியிட்ட ஆராய்ச்சி இத்தடைக்கு வலுவூட்டுகின்றது. கடினமான மனக்கணக்குச் செய்யப் பணிக்கப்பட்டு மனம் பதற்றமுற்ற 36 பேரின் வியர்வையும் மூச்சும், அவர்களே அமைதியாக இருந்தபோது பெற்றவற்றோடு ஒப்பிடுமாறு பயின்ற நாய்களுக்குக் கொடுக்கப்பட்டன. நூற்றுக்கு 93க்கு மேற்பட்ட தடவைகளில் அவை பதற்றத்தின் மணத்தைப் பிரித்தறிந்தன. ஆதலின் வீழ்ந்தவரிடம் அச்சத்தின் மணம் இல்லாமை கண்டு நாய் வாளாவிருந்தது எனல் முற்றும் தள்ளத்தக்கதன்று.

அன்றியும், நாய்க்கு உணர்ச்சியே இல்லையெனக் கொள்ளுதல் பெருந்தவறாகும். இலண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் 2012இல் நிகழ்ந்த சோதனையில், அழுவது போல நடித்தவரிடம் 18 நாய்களுள் 15 நாய்கள் அணுகின. அழுதவர் எசமானாயினும் முன்பின் அறியாதவராயினும் அவை வேறுபாடு காட்டவில்லை. பெரும்பாலும் பணிந்த நிலையிலே சென்று முகர்ந்தும் நக்கியும் நின்றன. நியூசிலாந்தின் ஒட்டாகோப் பல்கலைக்கழகத்தார் 2014இல் குழந்தையின் அழுகுரலை நாய்களைக் கேட்கச் செய்தனர். மனம் நெருக்குண்டபோது உடலிற் பெருகும் கோட்டிசோல் என்னும் சுரப்பு மனிதரிடத்துப் போலவே நாய்களிடத்தும் மிகுந்தது. நோயுற்றுக் கூடையிற் கிடந்த பூனையைக் கடந்து செல்லுந்தோறும் நக்கிச் சென்ற நாயொன்றைத் தாம் கண்டதாகச் சாள்ஸ் டார்வின் 1871இல் எழுதினார். அவர் கண்டது வெறுங்கற்பனையன்று.

உணர்ச்சி உண்டு, செயல் இல்லை. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது யாது? ஐக்கிய அமெரிக்காவின் மின்னசோட்டாவிலே 34 நாய்களைக் கொண்டு நிகழ்ந்து 2018இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒரு குறிப்புத் தருகின்றது. காந்தத்தாற் சாத்தப்பட்ட கண்ணாடிக் கதவின் பின்னிருந்து எசமானர் சிலர் அழுதனர். சிலர் பாட்டொன்றை முணுமுணுத்தனர். இருசாராரின் நாய்களுள்ளும் ஏறத்தாழப் பாதியே கதவைத் தள்ளித் திறந்தன. ஆயின் அழுகை கேட்டுத் திறந்தவை மிக விரைந்து திறந்தன. அழுகை கேட்டும் திறவாத நாய்களோ கவலையற்றவை அல்ல. திறந்தவற்றினும் மிகுதியாகக் கலங்கின. கலக்கம் அளவு கடந்தவிடத்துக் கால் எழவில்லை. மனிதருள்ளும் விபத்தைக் கண்டு கைகால் பதைத்துச் செயலற்று நிற்போர் உளரன்றோ?

அரிசோனா அரச பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் நுட்பமானது. பெரிய பெட்டியொன்றினுள் எசமான் இருந்து உதவி வேண்டிக் கூவினார். நாயின் பெயரைச் சொல்லல் ஆகாது என்பது விதி. நாய் தள்ளக்கூடிய இலேசான கதவு பெட்டிக்கு இருந்தது. 60 நாய்களுள் 20 மட்டுமே திறந்தன. மூன்றிலொன்று என்பது இரங்கத்தக்க எண்ணிக்கையாகவே தோன்றும். ஆனால் ஆராய்ந்தோர் அவ்வளவில் அமையவில்லை. அதே பெட்டியுள் நாய் காண உணவை இட்டும் சோதித்தனர். உணவிற்காகத் திறந்தவை 19 மட்டுமே. உணவின்மேல் நாய்க்கு விருப்பமில்லையென எவரும் கூறார். ஆகவே ஏனைய நாய்களுக்குக் குறைந்தது விருப்பமன்று, திறக்கும் வழியறிவு. உணவிற்காகத் திறக்கத் தெரிந்த 19 நாய்களை மட்டும் நோக்கின், அவற்றுள் 16 எசமானுக்காகவும் திறந்தன. எசமான் உள்ளே அமைதியாக வாசித்துக்கொண்டிருந்தபோது திறந்தவை 60இல் 16. அவர் கூவியபோது நாய்கள் முனகியதும் குரைத்ததும் அமைதியாக வாசித்த வேளையிலும் உணவிட்ட வேளையிலும் காணப்பட்டதைவிட மிகுதி. வழி தெரிந்த நாய் உதவும். தெரியாத நாய் கலங்கும் என்பது இதனாற் பெறப்படுகின்றது.

வீழ்ந்தவரிடம் தானே செல்லுதலினும் பிறரை அழைத்து வருதல் மிகக் கடினமான செயல். எசமானுக்குத் தீங்கு நேர்ந்தது, அதனைத் தான் நீக்கவியலாது, அதோ நிற்பவர் நீக்க வல்லவர், அவருக்கு இது தெரியாது, தெரிவித்தால் வருவார் என ஐந்து படிகள் அதிலே அடங்கியுள்ளன. கதையில் வரும் நாய்க்கு இவையெல்லாம் எளிது. சுன்னாகம் அ. குமாரசாமிப் புலவர் தமிழாக்கிய இதோபதேசத்திலே, கள்வன் புகுந்தபோது குரைக்க மறுத்துத் தன்னைப் பேணாத எசமானுக்கு ஏன் உதவ வேண்டுமெனக் கழுதையோடு வாதம் புரியும் நாயைக் காண்கின்றோம். உலகத்து நாய் அங்ஙனம் நன்றி தீமைகளை நிறுத்துப் பார்த்து வாளாவிருப்பதன்று, அறியாமையால் வாளாவிருக்கின்றது. அதனை நன்றிகெட்டது என்று வைதலும் தகாது.

அறியாததைக் கற்பிக்கலாம் என்பதற்கு முதலாம் உலகப் போர் சான்று. அப்போரிலே காயமுற்று வெளியிற் கிடந்த வீரரைத் தேடும்படி நாய்கள் பயிற்றப்பட்டன. வீரனுடைய தொப்பியையோ பிறிதோர் அடையாளத்தையோ கவ்வித் திரும்பி, பின்னர் ஆளை அங்கே வழிநடத்திச் செல்லுதல் அவற்றின் பணி. இக்காலத்தில் வலிப்பு நோயாளர்க்கும் பிறர்க்கும் துணையாக வளர்க்கப்படும் நாய்கள் மணியடிக்கவும் ஆளழைக்கவும் பல மாதப் பயிற்சி பெறுகின்றன.

சுன்னாகத்திலும் அதன் அயற்கிராமங்களிலும் இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டு வினோதமன்று. 1983ஆம் ஆண்டின் பின்னர்ப் பிள்ளைகள் கனடாவிற்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் குடிபெயர, பெரிய வளவுகளிலே முதிய தாய் தந்தையர் தனித்து வாழும் வீடுகள் பலவாயின. பண்டு கிடுகு வேலியும் பனையோலை வேலியும் இருந்த காலத்திலே முனகல் ஒலியும் அயலுக்குக் கேட்கும். வேலிப் பொட்டினூடாக எவரேனும் வந்து எட்டிப் பார்ப்பர். இன்று பல வளவுகளுக்கு மதில் எழுந்துவிட்டது. தொலைபேசியிற் கவலைப்படும் மகனுக்கு, “வீட்டிலே நாய் நிற்கிறதுதானே, பயப்படாதே” எனத் தாய் ஆறுதல் கூறுவாள். கள்வரைப் பொறுத்தவரை அவ்வாறுதல் தக்கதே. மாரிகாலத்திலே கிணற்றடிப் பாசியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து கிடப்பவளுக்கு அந்நாய், தனித்து நிற்பின், பெரும்பாலும் அருகே நின்று முனகும் துணையாக மட்டுமே அமையும். அம்முனகலையும் வழக்கமல்லாத குரைப்பையும் அயலவர் செவிக்கொள்ளல் வேண்டும். எப்போதும் குரைக்கும் நாயெனக் கருதி வாளாவிருத்தலாற் கழியும் நாழிகைகள் முறிந்த எலும்பிற்குப் பெருந்தீங்கு.

பிறிதோர் இடரும் உண்டு. கோவிவனைப் போலக் காத்து நிற்கும் நாய், கள்வனையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வந்தவனையும் ஒருங்கே எதிர்த்தல் கூடும். அயலார் ஒருவரையேனும் நாய் நன்கு அறிந்திருத்தல் இதனால் இன்றியமையாததாகின்றது. நாய் நக்கினாற் புண் ஆறும் என்னும் நம்பிக்கையும் கைவிடத்தக்கது. தோல் பிளந்தவிடத்து நாய் நக்குதலை, விசர்நாய்க்கடியைப் பொறுத்தவரை, கடிக்கு ஒப்பாகவே உலக சுகாதாரத் தாபனம் கருதுகின்றது. அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே 15 நிமிடம் கழுவி வைத்தியரை நாடல் வேண்டும். வீழ்ச்சிக்கே நாய் காரணமாதலும் உண்டு. 2001 முதல் 2006 வரை ஐக்கிய அமெரிக்காவில் நாய் பூனைகளால் இடறுண்டு காயமுற்றோர் ஆண்டுதோறும் ஏறத்தாழ 86,000 பேர் எனவும், அவருட் பெரும்பாலார் நாய்களாலே வீழ்ந்தவர் எனவும் அந்நாட்டுச் சுகாதாரப் பகுதி கணித்தது.

வீட்டு நாய்க்குச் சிறிதளவு பயிற்சி அளித்தல் எவர்க்கும் இயலும். அயல்வீட்டார் ஒருவரின் முறைப்பெயரை, மாமி என்றோ தம்பி என்றோ, ஒரே தொனியிற் பலகாற் சொல்லி நாயை அவரிடம் அனுப்புதலும், அவர் அதற்கு ஒருபிடி உணவு கொடுத்துத் திருப்பி அனுப்புதலும் முதற்படி. அடுத்து, தரையிற் படுத்தபடியே அச்சொல்லைச் சொல்லி அனுப்பிப் பழக்குதல் வேண்டும். நின்றவன் சொல்லும் சொல்லும் கிடந்தவன் சொல்லும் சொல்லும் நாய்க்கு ஒன்றாகத் தோன்றா. அப்பால், வந்த நாயைப் பின்தொடர்ந்து அயலவரும் வீட்டிற்கு வந்து செல்லுதலை இருபாலாரும் பழகிக்கொள்ளலாம். மதில் உயர்ந்ததாயின் அதன் அடியிலே நாய் நுழையுமளவிற்கு ஒரு வழி விடுதலும் வேண்டும். பூட்டிய படலையினுள்ளே நிற்கும் நாய் எவ்வளவு கற்றதாயினும் அயல்வீட்டிற்குச் செல்லாது.