நன்றாக இருக்கும் எஃகை ஏன் கழிக்கிறார்கள்?

பயணிகள் விமானத்தின் கால்களுக்கு, அதாவது லேண்டிங் கியர் என்று சொல்லப்படும் சக்கரத் தொகுதிக்கு, வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு வீண்செலவாகப் படக்கூடிய ஒரு விதி இருக்கிறது. அதன் முக்கிய உறுப்புகளுக்கு ஆயுள் எண்ணிக்கை ஒன்று குறித்துக் கொடுக்கப்படுகிறது. இத்தனை முறை தரையிறங்கியாகிவிட்டது என்றால் அந்த உறுப்பைக் கழித்துவிட வேண்டும். விரிசல் இல்லை, துரு இல்லை, அளவு மாறவில்லை என்றாலும் கழிக்கத்தான் வேண்டும். கழித்த உறுப்பு வேறொரு விமானத்துக்குப் போய்விடாதபடி அதை அறுத்துப் போடுவதும் வழக்கம். எண்ணிக்கையை எட்டாத உறுப்புகளையும் சும்மா விடுவதில்லை. ஏர்பஸ் ஏ320 போன்ற விமானங்களில் பத்து ஆண்டு அல்லது 20,000 பறப்பு, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது, கால்களை முழுசாகக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பி, ஒவ்வொரு புஷ்ஷையும் (துளைக்குள் செருகும் உலோக வளையம்) பின்னையும் தனித்தனியாகப் பிரித்து ஓவர்ஹால் செய்கிறார்கள். நன்றாக உழைத்துக்கொண்டிருக்கிற பொருளை எதற்குப் பிரிக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனாலும், விமானத் துறையின் விதிகளில் ஆழ்ந்து யோசித்து எழுதப்பட்டவற்றில் இது ஒன்று என்பது என் கருத்து. சோதனையால் எதைக் காண முடியாது என்பதை ஒப்புக்கொண்டு அங்கிருந்து தொடங்குகிற விதி இது.

காரணம் எஃகில் இருக்கிறது. அறுபது டன்னுக்கு மேற்பட்ட எடை, மணிக்கு சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபாதையைத் தொடுகிறது. கீழ்நோக்கி விநாடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் வந்து மோதினாலும் கால் தாங்க வேண்டும் என்பது வடிவமைப்பு விதி. அன்றாடத் தரையிறக்கங்களில் இதில் பாதி வேகம்கூட வருவதில்லை. இவ்வளவையும் தாங்க வேண்டும், வானத்தில் இருக்கும்போது சுமையாகவும் இருக்கக்கூடாது. அதனால் 300எம் என்ற உயர்வலிமை எஃகைப் பயன்படுத்துகிறார்கள். வீடு கட்ட வாங்கும் டிஎம்டி கம்பியைவிட மூன்று மடங்குக்கும் மேல் வலிமை அதற்கு. அந்த வலிமைக்கு ஒரு விலையும் உண்டு. சாதாரண எஃகு முறிவதற்கு முன் வளைந்து, இழுபட்டு, எச்சரிக்கை தரும். இந்த எஃகு சிறு கீறலைக்கூடப் பொறுத்துக்கொள்ளாது. விமான உடலின் அலுமினியத் தகட்டில் விழும் விரிசல் சென்டிமீட்டர் கணக்கில் மெதுவாக வளரும். இரண்டு மூன்று சோதனைகளில் எப்படியும் கண்ணில் பட்டுவிடும். அதை நம்பித்தான், விரிசல் இருந்தாலும் அடுத்த சோதனை வரை தாங்கும்படி விமான உடலை வடிவமைக்க வேண்டும் என்று அமெரிக்க விதிகள் 1978 முதல் கட்டாயப்படுத்தின. லேண்டிங் கியருக்கு மட்டும் அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று அப்போதே விலக்கு கொடுத்தார்கள். அதிகச் சுமை ஏறும் இடத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழ விரிசல் போதும், கால் ஒரே தரையிறக்கத்தில் முறிந்துபோகலாம். கண்டுபிடிக்கக்கூடிய விரிசலுக்கும் முறிக்கக்கூடிய விரிசலுக்கும் நடுவே காத்திருக்க இடமே இல்லை. ஆகவே விரிசலைத் தேடிப் பிடிப்பதை விட்டுவிட்டு, விரிசல் தொடங்கும் வாய்ப்பு வருவதற்கு வெகு முன்பே உறுப்பைக் கழிப்பது என்ற வழிக்குப் போனார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு காலைச் சட்டத்தில் பூட்டி, வாழ்நாளில் அது சந்திக்கப்போகும் சுமைகளைப் பல மடங்கு திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்து, கிடைத்த ஆயுளில் ஒரு பகுதியை மட்டுமே அனுமதிக்கிறார்கள்.

இதனால் அன்றாடச் சோதனை வீண் என்று ஆகிவிடாது. ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் விமானியோ தொழில்நுட்பப் பணியாளரோ விமானத்தைச் சுற்றி வந்து கால்களைப் பார்க்கிறார். குரோமியம் பூசிய உள்தண்டு எவ்வளவு உயரம் வெளியே தெரிகிறது என்பதை வைத்து உள்ளே நைட்ரஜனும் எண்ணெயும் சரியாக இருக்கிறதா என்று மட்டுக்கட்டலாம். எண்ணெய் கசிந்த தடம், டயரின் தேய்மானம், பிரேக்கின் மீதி ஆயுளைக் காட்டும் சிறு கம்பி, எல்லாமே கண்ணுக்குத் தெரிகிறவை. பராமரிப்பின்போது அந்தப் பளபளக்கும் தண்டை ஹைட்ராலிக் எண்ணெயில் நனைத்த துணியால் துடைப்பார்கள். அதில் ஒட்டிய மணல் மேலே ஏறினால் எண்ணெய் சீல்களை அறுத்துவிடும். ஆனால் ஆபத்து பிறக்கும் இடங்கள் இவை எதிலும் இல்லை. புஷ்ஷுக்கு அடியில், பெயின்ட்டுக்கும் காட்மியம் முலாமுக்கும் அடியில், மரைக்குள், குரோமியப் பூச்சுக்குக் கீழே இருக்கும் எஃகில் அது பிறக்கிறது. எவ்வளவு கூர்மையான கண்ணுக்கும் அங்கே வழியில்லை.

2007 செப்டம்பரில் டென்மார்க்கில் நடந்தது இதற்கு நல்ல சான்று. அந்த மாதம் 9-ஆம் தேதி ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸின் டேஷ் 8 க்யூ400 ரக விமானம் ஆல்போர்க் நகரில் இறங்கியபோது வலது பிரதான கால் மடங்கியது. சுழன்றுகொண்டிருந்த புரொப்பெல்லர் தரையில் அடித்து உடைந்து, அதன் துண்டு பயணிகள் அறைக்குள் பாய்ந்தது. மூன்றே நாளில், 12-ஆம் தேதி, அதே நிறுவனத்தின் அதே ரக விமானம் லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் அதே விதமாகச் சாய்ந்தது. காலை இறக்கி ஏற்றும் ஹைட்ராலிக் தண்டின் முனை, தண்டிலிருந்து கழன்று வந்திருந்தது. மரைக்குள் அரிப்பு ஏறி, பிடிமானத்தைத் தின்றுவிட்டிருந்தது. இரண்டு பாகமும் ஒன்றுக்குள் ஒன்று திருகி நிற்கும் இடம் அது. கழற்றிப் பிரிக்காமல் அங்கே என்ன நடக்கிறது என்று எவராலும் பார்த்திருக்க முடியாது. பதினாயிரம் முறைக்கு மேல் இறங்கியிருந்த அந்த ரக விமானங்களை உடனே நிறுத்திச் சோதிக்கும்படி தயாரிப்பாளர் கேட்டுக்கொண்டார். இங்கே கவனிக்க வேண்டியது, அரிப்பு பறப்புகளை எண்ணுவதில்லை என்பது. ஈரமும் உப்பும் நாட்களோடு சேர்ந்து வேலை செய்கின்றன. விமானம் ஓடாமல் நின்றாலும் அரிப்பு நிற்பதில்லை. ஓவர்ஹால் விதியில் பறப்பு எண்ணிக்கையோடு ஆண்டுக் கணக்கையும் சேர்த்து வைத்திருப்பது இதனால்தான். பெருந்தொற்றுக் காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த விமானங்களின் கால்களுக்கும் ஆண்டுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

ஓவர்ஹால் பட்டறையில் நடப்பதைக் கொஞ்சம் அருகில் இருந்து பார்த்தால் விதியின் தர்க்கம் இன்னும் தெளிவாகும். முதல் வேலை உரிப்பது. பெயின்ட், முலாம், குரோமியம் எல்லாவற்றையும் களைந்து வெற்று எஃகைக் கொண்டுவருகிறார்கள். அதைக் காந்தமாக்கி, ஒளிரும் நுண்துகள் கலந்த திரவத்தை மேலே ஓடவிட்டு, இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடிக்கிறார்கள். விரிசல் இருக்கும் இடத்தில் காந்தப்புலம் வெளியே கசியும். துகள்கள் அங்கே போய்க் குவியும். கண்ணால் காண முடியாத கீறல் பச்சைக் கோடாக எழுந்து நிற்கும். அரிப்புக் குழிகளைத் தேய்த்து எடுத்து, எவ்வளவு எஃகு மிச்சம் இருக்கிறது என்று மைக்ரோமீட்டரால் அளந்து, கையேட்டின் எல்லைக்குள் இருந்தால் மட்டுமே அடுத்த கட்டத்துக்கு விடுகிறார்கள். பிறகு சிறு உலோகக் குண்டுகளை வேகமாக அடித்து மேற்பரப்பை இறுக்குவார்கள். அழுத்தத்தில் இருக்கும் தோலில் விரிசல் எளிதில் திறக்காது. புதிய புஷ்களைத் திரவ நைட்ரஜனில் சுருங்க வைத்துப் பொருத்துவார்கள். அறை வெப்பத்துக்கு வந்ததும் அவை விரிந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

இந்த இடத்தில்தான் மிக வலுவான ஆட்சேபம் எழுகிறது. ஓவர்ஹாலே சேதம் செய்யாதா? செய்யும். மழுப்ப இதில் ஒன்றும் இல்லை. முலாம் பூசும் தொட்டியில் பிறக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள் நுழைந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும்; அப்படிப்பட்ட உறுப்பு சோதனையில் தேறிவிட்டு, சுமை ஏறிச் சில மணி நேரமோ சில நாளோ கழித்து முறியலாம். குரோமியத்தைச் சரியான அளவுக்குக் கிரைண்டிங் செய்யும்போது சூடு மிஞ்சினால் அடியில் உள்ள எஃகு கருகி, விரிசலுக்கு விதை விழும். மேலே பளபளப்பு குறையாது. அரிப்பைத் தடுக்கப் பூசிய பொருளே எதிரியான கதையும் உண்டு. 1990-களின் நடுவில் போயிங் 767 விமானங்களின் பிரதானக் கால் உருளையில், விமானத்தோடு இணையும் பின்முனை அரிப்பு விரிசலால் முறிந்தபோது, அங்கே பூசப்பட்டு வந்த ஒரு அரிப்புத்தடுப்புக் கலவைதான் அரிப்பை விரைவுபடுத்தியது என்று கண்டு, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அந்தக் கலவையை அங்கே பயன்படுத்தத் தடை விதித்தது. அடிக்கடி பிரிப்பது பாதுகாப்பைக் கூட்டும் என்ற எண்ணம் தவறு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் இந்தச் சேதங்கள் ஒவ்வொன்றும் எப்படி நேர்கிறது என்பது தெரிந்த விஷயம். அதனதன் மாற்றும் பட்டறை நடைமுறையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் உறுப்பைச் சுமார் 190 டிகிரி செல்சியஸ் அடுப்பில் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றுகிறார்கள். கிரைண்டிங் முடிந்த வெற்று எஃகை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் தோய்த்தால், கருகிய இடம் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். குரோமியத்தின் மேலிருந்தே காந்த ஒலியைக் கேட்டுக் கருகலைக் கண்டறியும் கருவியும் வந்துவிட்டது. பட்டறையில் நேரும் பிழையை அதே பட்டறையில் பிடிக்க வழி உண்டு. பிரிக்காமல் விட்ட மரைக்குள் நடக்கும் அரிப்பைப் பிடிக்க எந்த வழியும் இல்லை. இந்த வேறுபாடு எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

கால் உடைந்து இறந்தவர்கள் குறைவுதானே, இவ்வளவு செலவு எதற்கு என்று இன்னொரு கேள்வியும் உண்டு. ஆல்போர்க்கிலும் வில்னியஸிலும் ஒருவரும் சாகவில்லை என்பது உண்மை. காலே முறிந்தாலும் எரிபொருள் தொட்டியைக் கிழிக்காமல் பிரிந்துவிடும்படி வடிவமைக்க வேண்டும் என்று விதி இருப்பதும் உயிர்களைக் காக்கிறது. ஆனால் சக்கரத் தொகுதியின் குறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இரண்டு விபத்துகள் இருக்கின்றன. 1986-இல் மெக்ஸிகானா நிறுவனத்தின் போயிங் 727-இல் நைட்ரஜனுக்குப் பதில் சாதாரணக் காற்று நிரப்பிய டயர், சூடேறிய பிரேக்கால் வானத்தில் வெடித்து, 167 பேர் இறந்தார்கள். 1991-இல் ஜெட்டாவில் இருந்து கிளம்பிய டிசி-8 விமானத்தில் அழுத்தம் குறைந்த டயர்கள் ஓடுபாதையிலேயே சிதைந்தன. எரிந்துகொண்டிருந்த சக்கரம் அப்படியே விமானத்துக்குள் மடிக்கப்பட்டது. 261 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த டயர்களின் அழுத்தக் குறைவு புறப்படும் முன் சரிசெய்யப்பட்டிருக்கக்கூடிய ஒன்று.

ஒவ்வொரு காலிலும் உணரிகளைப் பொருத்திவிட்டால் காலக்கெடுவே தேவைப்படாது என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். எவ்வளவு கடுமையாக இறங்கியது என்பதை விமானத் தரவுப் பதிவுகள் இப்போதே சொல்கின்றன. அது பயனுள்ளது, பெருக வேண்டியது. ஆனால் உணரி எதைத் தேடச் சொன்னோமோ அதைத்தான் தேடும். 2005-இல் ஜெட்புளூ ஏ320 ஒன்றின் முன்சக்கரம் தொண்ணூறு டிகிரி திரும்பிய நிலையில் லாஸ் ஏஞ்சலஸில் இறங்கியது நினைவிருக்கலாம். சக்கரம் திரும்பாமல் தடுக்கும் எஃகுக் காதுகள் உலோகச் சோர்வால் உடைந்திருந்தன. அந்தச் சோர்வைத் தந்தது தரையிறக்கம் அல்ல. இறங்குவதற்கு முன் ஸ்டியரிங்கைத் தானே சோதித்துப் பார்க்கும் கணினி ஏற்பாடு, ஒவ்வொரு முறையும் அந்தக் காதுகளை அசைத்து அசைத்துக் களைக்க வைத்திருந்தது. வடிவமைத்தவர்கள் எதிர்பாராத சுமை அது. எதிர்பாராததைக் கண்டுபிடிக்க, உறுப்பைக் கையில் எடுத்து உரித்துப் பார்ப்பதைவிட நல்ல முறை இன்னும் வரவில்லை.

இந்த ஏற்பாடு முழுவதும் கடைசியில் காகிதத்தை நம்பி நிற்கிறது. ஆயுள் எண்ணிக்கை உள்ள உறுப்புக்கு, அது செய்யப்பட்ட நாளில் இருந்து எந்த விமானத்தில் எத்தனை முறை இறங்கியது என்ற பதிவு இடைவெளி இல்லாமல் வேண்டும். பதிவு தொலைந்தால், எவ்வளவு நல்ல எஃகும் பழைய இரும்புதான். 2023-இல் லண்டனைச் சேர்ந்த ஒரு உதிரிபாக நிறுவனம் ஜெட் என்ஜின் பாகங்களைப் போலிச் சான்றிதழோடு விற்றது வெளிவந்தபோது, பல நாட்டு விமான நிறுவனங்கள் என்ஜின்களைத் திறந்து அந்தப் பாகங்களைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அவை என்ஜின் பாகங்கள். ஆனால் எண்ணிக்கையை நம்பியே ஓடும் லேண்டிங் கியருக்குப் பொய்ச் சான்றிதழ் தரும் அடி இன்னும் பலமாக விழும்.

காலக்கெடுவை ஒருபோதும் நீட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. துருப்பிடிக்காத டைட்டானியத்தை அதிகம் பயன்படுத்தும் புதிய விமானங்களுக்குப் பத்தாண்டைத் தாண்டியும் கொடுக்கலாம். குரோமியத்துக்குப் பதில் வந்திருக்கும் டங்ஸ்டன் கார்பைடு பூச்சும் அதற்குத் துணை நிற்கும். கேள்வி, எந்த ஆதாரத்தில் நீட்டுகிறோம் என்பதுதான். பிரித்த கால்களுக்குள் என்ன கண்டோம், எத்தனை புஷ்ஷுக்கு அடியில் அரிப்பு இருந்தது, எத்தனை உறுப்பைக் கழிக்க நேர்ந்தது என்ற பட்டறைக் கணக்கு ஒன்றே அதற்குத் தகுந்த ஆதாரம். ஓவர்ஹாலுக்கு இடம் கிடைக்கவில்லை, உதிரிபாகம் வரத் தாமதம், விமானத்தைக் குத்தகைக்கு விட்டவரிடம் திருப்பித் தர இன்னும் ஆறு மாதம்தான் இருக்கிறது போன்றவை விமான நிறுவனத்தின் சிரமங்கள். எஃகுக்கு அவற்றோடு சம்பந்தம் இல்லை. நீட்டிப்புக் கேட்டு வரும் ஒவ்வொரு நிறுவனமும் அந்தப் பட்டறைக் கணக்கைக் கூடவே தர வேண்டும்; அனுமதிக்கும் அதிகார அமைப்புகள் அதைப் பொதுவில் வெளியிட வேண்டும்.