மலை மிதிவண்டி டயர் தேர்வு

மலை மிதிவண்டி டயர் என்பது மண்பாதை, ஜல்லிப்பாதை, பாறைத்தடம் போன்ற தார் போடாத வழிகளில் ஓட்டுவதற்காக அகலமாகவும், மேற்பரப்பில் ரப்பர் பட்டன்களுடனும் செய்யப்படும் டயர் ஆகும். கடைகளில் இது பெரும்பாலும் 'பட்டன் டயர்' என்றே கேட்கப்படுகிறது. பந்தய வீரருக்கும் வார இறுதியில் மட்டும் ஓட்டுபவருக்கும் ஒரே டயர் பொருந்தாது. பார்வைக்கு முரட்டுத்தனமாக இருக்கும் டயரை வாங்கிவிட்டு, மிதிக்க முடியாமல் வண்டியை மாடிப்படிக்குக் கீழே நிறுத்திவிடுவோர் பலர். தேய்ந்த டயருடன் ஓட்டிச் சரளைக்கல்லில் சறுக்கி விழுவோரும் உண்டு. சரியான தேர்வு இவ்விரண்டையும் தவிர்க்க உதவும்.

பின்னணி

காற்றடைத்த டயருக்கு முதன்முதலில் ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இல் பிரித்தானியாவில் காப்புரிமை பெற்றார். ஆனால் அது பரவலாகவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்த டயரே மிதிவண்டி உலகை மாற்றியது.

மலை மிதிவண்டி 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மரின் வட்டாரத்தில் உருவானது. அங்குள்ள இளைஞர்கள், 26 அங்குல அகல டயர் பொருத்திய பழைய வண்டிகளை டமால்பைஸ் மலைச்சரிவுகளில் ஓட்டினர். மலை மிதிவண்டிக்கு 26 அங்குலச் சக்கரம் நெடுங்காலம் வழக்கமாக இருந்ததற்கு இதுவே காரணம். தமிழ்நாட்டில் அம்பத்தூரில் 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற நிறுவனங்கள் முதலில் செய்தவை உயரமான சாலை வண்டிகளே. பட்டன் டயர் வண்டிகள் இங்குப் பரவியது பின்னாளில்தான்.

முதல் கேள்வி: எங்கே ஓட்டுவது?

சென்னை ஈக்காட்டுத்தாங்கலை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கிண்டி தொழிற்பேட்டைக்கும் அடையாற்றுக்கும் அருகில், நூறடிச் சாலையை ஒட்டி அமைந்த இப்பகுதியில் மண்பாதை என்று சொல்லத்தக்கது இல்லை. திருநீர்மலைப் பக்கத்து ஏரிக்கரைக்கோ, செம்பரம்பாக்கம் பக்கத்து ஊர்ப்பாதைகளுக்கோ செல்ல வேண்டுமானால் முதலில் தார்ச்சாலையில் ஏறத்தாழ 15 முதல் 20 கி.மீ. மிதிக்க வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை 40 கி.மீ. ஓட்டுபவர் மண்ணில் ஓட்டுவது 10 கி.மீ. அளவுக்கே இருக்கலாம். மீதி 30 கி.மீ. தாரில்தான் போகும்.

இக்கணக்கே தேர்வுக்கு அடிப்படை. உயரமான பட்டன்கள் தாரில் வளைந்து நெளிந்து ஆற்றலை வீணாக்கும். அவை விரைவில் தேயும், ஓசையும் எழுப்பும். நடுவில் தாழ்வான, நெருக்கமான பட்டன்களும், ஓரங்களில் சற்று உயரமான பட்டன்களும் உள்ள டயர் இத்தகைய பயணத்துக்கு ஏற்றது. நேராகச் செல்லும்போது நடுப்பகுதி உருளும். மண்ணில் வண்டியைச் சாய்த்துத் திருப்பும்போது ஓரப் பட்டன்கள் பிடிக்கும்.

மண்ணின் தன்மை

சென்னையின் பெரும்பகுதி களிமண். கடலோரத்திலும் ஆற்றோரத்திலும் மணல் உள்ளது. கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பகுதிகளில் கடினப் பாறை மேலாக அமைந்துள்ளது. ஒவ்வொன்றும் டயரிடம் வேறொன்றை எதிர்பார்க்கிறது.

கோடையில் இறுகிய களிமண்ணும் செம்மண்ணும் ஏறத்தாழச் சாலைபோல் இருக்கும். தாழ்வான பட்டனே போதும். மழையில் அதே களிமண் பசையாகி டயரில் அப்பிக்கொள்ளும். பட்டன்களுக்கு இடையே அகன்ற இடைவெளி இருந்தால் சக்கரம் சுழலும்போது சேறு உதிரும். மணலில் பட்டனைவிட அகலமே முக்கியம். அகன்ற டயர் குறைந்த காற்றுடன் புதையாமல் மேலே மிதக்கும். ஜல்லியிலும் பாறையிலும் பக்கச்சுவர் கிழியாத உறுதி தேவை.

அளவைப் படிக்கும் முறை

டயரின் பக்கச்சுவரில் '26 × 2.10' என்பது போன்ற அங்குல அளவும், '54-559' என்பது போன்ற மி.மீ. அளவும் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டாவது, ஐ.எஸ்.ஓ. 5775 என்னும் பன்னாட்டு முறைப்படி அமைந்தது. இதில் 54 என்பது டயரின் அகலம். 559 என்பது டயரின் விளிம்பு ரிம்மில் அமரும் இடத்தின் விட்டம்.

அங்குல அளவு ஏமாற்றக்கூடியது. '26 × 1.75' டயருக்கு விட்டம் 559 மி.மீ.; '26 × 1¾' டயருக்கு 571 மி.மீ. கணக்குப்படி இரண்டும் ஒன்றே, ஆனால் ஒன்றின் ரிம்மில் மற்றது அமராது. 27.5 அங்குலம் என்பது 584 மி.மீ.; 29 அங்குலம் என்பது 622 மி.மீ. பழைய உயர வண்டிகளின் 28 × 1½ டயருக்கு 635 மி.மீ. கடைக்குச் செல்லுமுன் பழைய டயரிலுள்ள மி.மீ. எண்ணைக் குறித்துக்கொண்டால் தவறு நேராது.

அகலத்தைப் பொறுத்தவரை, தார் மிகுதியாகவும் மண் குறைவாகவும் உள்ள பயணத்துக்கு 1.95 முதல் 2.1 அங்குலம் போதுமானது. மண்ணும் கல்லும் மிகுந்தால் 2.25 அங்குலம் வரை செல்லலாம். டயருக்கும் சட்டகத்துக்கும் இடையே இருபுறமும் குறைந்தது 6 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இல்லையெனில் சேறோ கல்லோ சிக்கிச் சக்கரம் நின்றுவிடும்.

காற்றழுத்தம்

விலை உயர்ந்த டயரைவிடச் சரியான காற்றழுத்தமே அதிகப் பயன் தரும். அதற்கான காரணத்தை எளிய கணக்கால் அறியலாம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றும், அதில் 60 விழுக்காடு பின்சக்கரத்தில் விழுகிறது என்றும் கொள்வோம். அது 48 கிலோ, அதாவது ஏறத்தாழ 106 பவுண்டு. காற்றழுத்தம் 30 பி.எஸ்.ஐ. எனில், 106ஐ 30ஆல் வகுக்க, தரையைத் தொடும் பரப்பு சுமார் 3.5 சதுர அங்குலம். அழுத்தத்தை 50 ஆக்கினால் அது சுமார் 2.1 ஆகச் சுருங்கும். பிடிப்பு குறையும், ஒவ்வொரு கல்லும் வண்டியைத் தூக்கிப்போடும். 'காற்று அதிகம் என்றால் வேகம் அதிகம்' என்பது வழவழப்பான தாருக்கு ஓரளவு பொருந்தும். கரடுமுரடான பாதைக்குப் பொருந்தாது.

காற்று மிகக் குறைந்தாலும் கேடுண்டு. கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டைகள் விழும். இதைப் 'பாம்புக்கடி' பஞ்சர் என்பர்.

சுமார் 65 முதல் 75 கிலோ எடையுள்ளவர் 2.1 அங்குல டயரில் டியூபுடன் ஓட்டும்போது, பின்சக்கரத்தில் 32, முன்சக்கரத்தில் 29 பி.எஸ்.ஐ. என்று தொடங்கலாம். பிறகு ஒரே பாதையில் ஓட்டி, இரண்டிரண்டாகக் குறைத்துப் பார்க்க வேண்டும். ரிம் தரையில் இடிப்பது தெரிந்ததும் இரண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பக்கச்சுவரில் அச்சிட்ட குறைந்த, கூடிய அளவுகளை மீறக்கூடாது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது நம்பத்தக்கதன்று. அளவி பொருத்திய பம்பு தேவை.

சென்னை வெயிலும் கணக்கில் வரும். 30 பாகை வெப்பத்தில் 30 பி.எஸ்.ஐ. அடைத்த டயர், 50 பாகைக்குச் சூடேறினால் உள்ளே அழுத்தம் ஏறத்தாழ 33 ஆகும். விடியற்காலையில் சரியாக இருந்த டயர் திரும்பி வரும்போது கட்டியாகத் தோன்றுவது இதனால்தான்.

முள்ளும் பஞ்சரும்

சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சி முள்ளும் தமிழ்நாட்டு மண்பாதைகளின் முதன்மை இடையூறுகள். நெருஞ்சி வெளிநாட்டு ஓட்டுநரையும் விடவில்லை. அமெரிக்காவில் பரவிய இதன் முள்ளை அங்கு 'ஆட்டுத்தலை' என்னும் பொருளில் அழைக்கின்றனர்.

பக்கச்சுவரில் டி.பி.ஐ. என்று குறிக்கப்படுவது ஓர் அங்குலத்திலுள்ள நூல்களின் எண்ணிக்கை. 120 டி.பி.ஐ. டயர் இலேசானது, நன்கு வளையும். 27 அல்லது 30 டி.பி.ஐ. டயரின் நூல் தடித்தது. எடை கூடினாலும் முரட்டுப் பயன்பாட்டைத் தாங்கும். வார இறுதி ஓட்டத்துக்கு 30 அல்லது 60 போதும். முள்தடுப்புப் பட்டை உள்ளே வைத்த டயர்களும் கிடைக்கின்றன.

டியூப் இல்லாத முறையில், டயருக்குள் ஊற்றும் ரப்பர்ப் பால் கலந்த திரவம் சிறு ஓட்டைகளைத் தானே அடைக்கும். குறைந்த காற்றிலும் ஓட்டலாம். ஆனால் அதற்கேற்ற ரிம்மும் டயரும் வேண்டும். வெப்பமான ஊரில் அத்திரவம் இரண்டு மூன்று மாதங்களில் உலர்ந்துவிடும். மாதம் இரு முறை ஓட்டுபவருக்கு டியூபும், மாற்று டியூப் ஒன்றும், பஞ்சர் ஒட்டும் பொருள்களுமே சிக்கனமானவை.

முன்டயரும் பின்டயரும்

பின்சக்கரம் சறுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் சறுக்கினால் ஓட்டுபவர் விழுவது ஏறத்தாழ உறுதி. எனவே நல்ல பிடிப்புள்ள டயர் முன்னால் இருக்க வேண்டும். பின்டயர் உந்துவிசையையும் கூடுதல் எடையையும் தாங்குவதால் விரைவில் தேயும். தேய்ந்த பின்டயரை முன்னுக்கு மாற்றுவது ஆபத்தான சிக்கனம். முன்டயரைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னால் பொருத்துவதே சரி. பக்கச்சுவரில் அம்புக்குறி இருந்தால், அது சக்கரம் சுழலும் திசையை நோக்கி அமைய வேண்டும்.

மழைக்காலம்

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தார்ச்சாலையே மண்பாதையைவிட ஆபத்தாகலாம். ஈரத் தாரில் ரப்பரின் பரப்பே பிடிக்கிறது. பட்டன் டயரில் அப்பரப்பு குறைவு. சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடுகள், சாக்கடை மூடிகள், மெட்ரோ பணிக்காகப் போடும் இரும்புத் தகடுகள் ஆகியவற்றின் மீது வண்டியைச் சாய்க்காமலும், பிரேக்கை அழுத்தாமலும் நேராகக் கடக்க வேண்டும்.

மாற்ற வேண்டிய காலம்

நடுப் பட்டன்கள் பாதிக்குமேல் தேய்ந்தாலோ, ஓரப் பட்டன்கள் அடியில் கிழிந்தாலோ, பக்கச்சுவரில் வெடிப்பு விழுந்தாலோ, நூல் வெளியே தெரிந்தாலோ டயரை மாற்ற வேண்டும். ஓட்டாமல் நிறுத்திய வண்டியிலும் வெயிலால் ரப்பர் இறுகி வெடிக்கும். நிழலில் வைத்து, மாதம் ஒருமுறையாவது காற்றடைத்து வந்தால் டயர் நெடுநாள் உழைக்கும்.