துவர்ப்பு ஒன்று, வேதியியல் இரண்டு

பழனி மலையின் தாழ்ந்த சரிவுகளில், இலையுதிர் காட்டுக்குள் கடுக்காய் மரம் வளர்கிறது. நெல்லிக்காய், தேனோடு சேர்த்து அதன் காயையும் பளியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேகரித்து வந்திருக்கிறார்கள். மேலே ஏறி, ஏழாயிரம் அடி உயரத்தில் கொடைக்கானலை அடைந்தால், வாட்டில் என்னும் சீகை மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த மரம், தோல் பதனிட உதவும் பட்டைக்காகப் பின்னாளில் பெருமளவில் நடப்பட்டது. கடுக்காய்த் தோலிலும் வாட்டில் பட்டையிலும் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டானின் என்னும் துவர்ப்புப் பொருள்தான். ஆனால் கடுக்காய் மட்டுமே நாட்டு மருந்துக் கடைக்கு வருகிறது. ஒரு மூலிகையைப் பற்றி, ‘இதில் டானின் நிறைய இருக்கிறது, அதனால் நல்ல மருந்து’ என்று சொல்வது நமக்குப் பழகிவிட்டது. எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எப்படிப்பட்ட டானின் என்பதே முக்கியம். இதை உணராதவரை அந்தப் பேச்சுக்குப் பொருளில்லை.

முதலில், எல்லா டானின்களுக்கும் பொதுவான குணம் எது? புரதத்தைப் பற்றிக்கொள்வதுதான். கடுக்காயைக் கடித்ததும் வாய் வறண்டு இழுப்பதற்குக் காரணம், உமிழ்நீரில் வழுவழுப்பு தரும் புரதங்களை டானின் பிடித்துத் திரளச் செய்துவிடுவதே. ஆட்டுத்தோலில் உள்ள கொலாஜன் புரதத்தையும் அது இவ்வாறே பற்றிக்கொள்வதால் தோல் அழுகாமல் பதப்படுகிறது. இரும்போடு சேர்ந்தால் கருநிறம் தரும். கடுக்காயிலிருந்து மை காய்ச்சியது இந்தக் குணத்தால்தான். பொதுக் குணம் இவ்வளவே. இதை வைத்துக்கொண்டு ஒரு பொருளைத் தோல் தொட்டியில் போடலாமா என்று சொல்லிவிடலாம். உடலுக்குள் அது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது.

அதற்குக் கட்டமைப்பைப் பார்க்க வேண்டும். ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் ஃபிராய்டன்பெர்க் 1920-இல் டானின்களை இரண்டு குடும்பங்களாகப் பிரித்தார். கடுக்காயின் செபுலாஜிக், செபுலினிக் அமிலங்கள் முதல் குடும்பம். நடுவில் ஒரு குளுகோஸ். அதைச் சுற்றி காலிக் அமிலமும் அதன் உறவுகளும் எஸ்டர் பிணைப்பால் கோக்கப்பட்டிருக்கின்றன. இந்தப் பிணைப்பை நீரே அவிழ்த்துவிடும். அமிலமோ நொதியோ வெப்பமோ துணைக்கு இருந்தால் போதும். வாட்டில் பட்டையின் டானின் இரண்டாம் குடும்பம். அதில் சர்க்கரைக் கரு கிடையாது. ஃபிளேவனாய்டு அலகுகள் கார்பனுக்குக் கார்பன் நேராகப் பிணைந்து சங்கிலியாக நீள்கின்றன. அமிலத்தில் காய்ச்சினால் அவை சிறு அமிலங்களாகப் பிரிவதில்லை. செந்நிறப் பொருள்களாக மாறுகின்றன. முதல் வகை முடிச்சுப் போட்ட கயிறு, இரண்டாவது பற்றவைத்த இரும்புச் சங்கிலி.

குடலில் இந்த வேறுபாடு பெரிதாகிறது. டானின் மூலக்கூறு பெரியது. அப்படியே குடல் சுவரைக் கடந்து இரத்தத்தில் கலப்பது அரிது. கடுக்காயின் டானின் அவிழும்போது எல்லாஜிக் அமிலம் வெளிப்படுகிறது. அதைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் யூரோலித்தின் என்னும் சிறு மூலக்கூறுகளாக மாற்ற, அவையே உடலுக்குள் செல்கின்றன. திரிபலாவின் மூன்று காய்களும், அதாவது கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றுமே, இந்த அவிழும் குடும்பத்து டானின் மிகுந்தவை. சங்கிலி வகை பெரும்பாலும் குடலின் பரப்பிலேயே நின்று வேலை செய்கிறது.

‘ஆவாரம்பட்டையில் இருப்பதும் சங்கிலி டானின்தானே, சித்த மருத்துவம் அதை ஏற்கிறதே’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சங்கிலி வகை மருந்தாகாது என்பதல்ல என் வாதம். அதன் வேலை வேறு, வேலை செய்யும் இடம் வேறு. வாட்டில் மருந்தாகாததற்கு அது நேற்று வந்த மரம் என்பதும் ஒரு காரணம் என்பதை மறுக்க மாட்டேன். ‘நாக்கே அறிந்ததை ஆய்வகம் எதற்குச் சொல்ல வேண்டும்’ என்பது அடுத்த தடை. நாக்கு அறிவது புரதம் திரள்வதை மட்டுமே. இரு குடும்பமும் நாக்குக்குத் துவர்ப்புதான். கடுக்காயின் கொட்டையை நீக்கிவிட்டே பயன்படுத்த வேண்டும் என்று வகுத்த சித்த மருத்துவமும் வெறும் சுவையை நம்பி நிற்கவில்லை. மூன்றாவது தடையே வலுவானது: யூரோலித்தினை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் எல்லார் குடலிலும் ஒன்றுபோல் இல்லை. அதனால்தான் சோதனைக்குழாயில் கிடைத்த முடிவை அப்படியே மனிதருக்கு வாக்குறுதியாக்கக் கூடாது. மையைக் கறுப்பாக்கும் அதே குணம் உணவிலுள்ள இரும்புச்சத்தையும் பிடித்துவைக்கும் என்பதால், இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு கடுக்காய் எடுப்பதும் நல்லதல்ல.

ஆகவே கடுக்காய்ப் பொடியின் பொட்டலத்தில் ‘டானின் இத்தனை சதவீதம்’ என்று இருந்தால் போதாது. செபுலாஜிக் அமிலம் எவ்வளவு என்று இருக்க வேண்டும். நெடுநேரம் காய்ச்சிய கஷாயத்தில் அது பெரிதும் பிளந்துவிடுவதால், பொடியும் கஷாயமும் ஒரே மருந்தாகா என்பதும் தெரிய வேண்டும். அளவை மட்டும் கேட்டதற்குப் பழனி மலையும் விலை கொடுத்திருக்கிறது. ஒரு மரத்தைப் பட்டையின் எடையாக மட்டும் பார்த்து நட்டார்கள். வாட்டில், பைன், யூகலிப்டஸ் தோட்டங்களும் விவசாயமும் சேர்ந்து, 1973-க்கும் 2014-க்கும் இடையில் இம்மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிட்டன. மழைநீரைத் தேக்கி ஓடைகளுக்கு ஊட்டிய நிலம் அது. எவ்வளவு என்று கேட்கும் முன் எது என்று கேட்பது மருந்துக்கு மட்டுமல்ல, மலைக்கும் பொருந்தும்.