நகலும் நாணயமும்

நுழையும்முன்

ஒரு பாடலைக் கேட்க வேண்டுமெனில் கச்சேரி மேடையையோ இசைத்தட்டுக் கடையையோ நாடிச் சென்ற காலம் ஒன்றுண்டு. இன்று அப்பாடல் நொடிப்பொழுதில் கைப்பேசிக்குள் வந்து சேர்கிறது. அடுத்த நொடியில் நண்பர் நூறு பேரைச் சென்றடைகிறது. இவ்வாறு இறக்குவதையும் பகிர்வதையும் சட்டம் எவ்வாறு காண்கிறது? அறம் எவ்வாறு காண்கிறது? இவ்விரண்டும் ஒரே வினா அல்ல என்பதை இவ்வுரைநடை விளக்குகிறது.

பட்டியல் மட்டும் வைத்திருந்த நிறுவனம்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கல்லூரியில் சேர்ந்திருந்த ஷான் ஃபானிங் என்னும் இளைஞர், 1999ஆம் ஆண்டு ‘நாப்ஸ்டர்’ என்னும் மென்பொருளை உருவாக்கினார். அப்போது அவருக்கு அகவை 18. எம்பி3 என்னும் ஒலிச்சுருக்க முறை அதற்கு முன்பே பரவியிருந்தது. குறுந்தகட்டில் ஏறத்தாழ 40 மெகாபைட் இடங்கொள்ளும் நான்கு நிமிடப் பாடல், மனிதச் செவி எளிதில் பிரித்தறியாத ஒலிக்கூறுகளைக் களைந்தபின் 4 மெகாபைட் அளவில் அடங்கிவிடும். இச்சுருக்கம் இல்லையேல், அந்நாளைய தொலைபேசி இணைப்பின் வழியே பாடல்கள் பயணம் செய்திருக்க இயலாது.

நாப்ஸ்டர் தன் கணினியில் ஒரு பாடலையும் வைத்திருக்கவில்லை. எவருடைய கணினியில் எப்பாடல் உள்ளது என்னும் பட்டியலை மட்டுமே வைத்திருந்தது. அதைப் பார்த்து, முன்பின் அறியாத ஒருவரின் கணினியிலிருந்து மற்றொருவர் பாடலைப் படியெடுத்துக்கொள்வார். இசைப்பதிவு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. இசைத்தட்டை நண்பருக்கு இரவல் கொடுப்பதைப் போன்றதே இது என்னும் கருத்து அந்நாளில் செல்வாக்குப் பெற்றிருந்தது. ஆயினும், பெயர் தெரியாத ஒருவர் கேட்டவுடன் கோப்பை அனுப்பிவைப்பது சொந்தப் பயன்பாடு ஆகாது என மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அவ்வாண்டு சூலையில் நாப்ஸ்டரின் பகிர்வுப் பணி நின்றது.

அதன்பின் நிகழ்ந்தது அத்துணைப் பெருமைக்குரியதன்று. 2003 முதல் இசைப்பதிவு நிறுவனங்கள் தனி மனிதர்கள்மீது வழக்குத் தொடுக்கத் தொடங்கின. மினசோட்டா மாநிலப் பெண் ஒருவர் 24 பாடல்களைப் பகிர்ந்ததற்காக 2,22,000 டாலர் செலுத்த வேண்டும் என 2007இல் நடுவர் குழு முடிவு செய்தது. மறுவிசாரணைகளுக்குப் பின் 2012இல் அதே தொகை உறுதியாயிற்று. அப்பாடல்கள் ஒவ்வொன்றையும் இணையக் கடையில் ஏறத்தாழ ஒரு டாலருக்கு வாங்கியிருக்கலாம். உரிமையைக் காக்க எழுந்த சட்டமே அளவை மறந்ததற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மிதிவண்டியும் பாடலும்

அனுமதியின்றிப் பாடலைப் படியெடுப்பது திருட்டு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இச்சொல் முழுமையாகப் பொருந்துவதில்லை. ஒருவரின் மிதிவண்டியை எடுத்துச் சென்றால் அவர் நடந்துதான் போக வேண்டும். பாடலைப் படியெடுத்தாலோ அவரிடம் இருந்த பாடல் அவரிடமே இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்டது. எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களை அனுமதியின்றி இசைத்தட்டாக்கி விற்றோர்மீதான வழக்கில், பதிப்புரிமை மீறலைத் திருட்டுப் பொருள் பற்றிய சட்டத்தின்கீழ்க் கொண்டுவர முடியாது என 1985இல் அது கூறியது.

திருட்டு அன்று என்பதால் தவறும் அன்று என்றாகிவிடாது. இங்கே பறிக்கப்படுவது பொருள் அன்று. தம் படைப்பை எவ்வாறு வெளியிடலாம், என்ன விலைக்கு விற்கலாம், எவருக்கு இலவயமாகத் தரலாம் என முடிவு செய்யும் உரிமையே பறிக்கப்படுகிறது. தம் பாடலை இலவயமாகத் தர விரும்பும் கலைஞர்கள் இருக்கின்றனர். அதற்கென்றே ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமங்கள் 2002 முதல் வழக்கில் உள்ளன. இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழுவினர் 2007இல் தம் இசைத்தொகுப்பு ஒன்றை இணையத்தில் வெளியிட்டு, விரும்பிய விலையைக் கொடுக்கலாம் என்றனர். கொடை, கொடுப்பவர் மனத்திலிருந்து வர வேண்டும். பெறுபவரே கையை நீட்டி எடுத்துக்கொண்டு அதற்குக் கொடை எனப் பெயரிட முடியாது.

‘எனக்கு வாங்க வசதியில்லை; நான் படியெடுக்காவிட்டாலும் அவருக்கு வருவாய் வரப்போவதில்லை’ என்பது மாணவர் பலரின் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் வானொலியும், விளம்பரத்துடன் பாடல்களை இலவயமாகக் கேட்கச் செய்யும் தளங்களும் உள்ள இந்நாளில் அவ்வாதத்தின் வலிமை குறைந்துவிட்டது. விற்பனையில் இல்லாத பழைய ஒலிப்பதிவுகளின் நிலை வேறு. சேகரிப்பாளர்கள் அவற்றைப் படியெடுத்துக் காத்திராவிடில் பல குரல்கள் அழிந்திருக்கும். அப்பணியில் அறம் உண்டு. சட்டத்தின் முழு ஆதரவு அதற்கு இல்லை.

ஒரு பாடல், பல உரிமைகள்

இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஒரு திரைப்பாடலின் சொற்களுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, இரண்டும் சேர்ந்து ஒலியாகப் பதிவான வடிவத்துக்கு மற்றோர் உரிமை உண்டு. முதல் இரண்டும் படைப்பாளர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்குப்பின் 60 ஆண்டுகள் நிற்கும். 1960இல் வெளியான இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020ஆம் ஆண்டு முடிவுடன் நீங்கியது. தியாகராசர் கீர்த்தனையை எவரும் பாடலாம், பதியலாம். ஆனால், அதை ஒருவர் பாடி அண்மையில் வெளியிட்ட பதிவைப் படியெடுத்துப் பரப்புதல் ஆகாது.

இவ்வுரிமைகள் எல்லாம் படைத்தவர் கையிலேயே இருந்தன என எண்ணிவிடக் கூடாது. கூலி பெற்றுக்கொண்டு திரைப்படத்துக்கு இசையும் பாடலும் வழங்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. பாடகருக்கோ அன்றைய சட்டத்தில் இடமே இல்லை. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இக்குறையைத் தம் தனிக்குறிப்பில் சுட்டிக்காட்டினார். 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துநருக்கு உரிமை அளித்தது. கவிஞரும் அந்நாளைய நாடாளுமன்ற மாநிலங்களவை உறுப்பினருமான ஜாவேத் அக்தர் உள்ளிட்டோரின் முயற்சியால் வந்த 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. திரையரங்குக்கு வெளியே பாடல் பயன்படும்போதெல்லாம், கிடைக்கும் உரிமைத்தொகையில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு. அதனை அவர்களே விரும்பினாலும் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது.

உரிமம் பெற்ற தளத்தில் பாடல் ஒலிக்கும்போது, மிகச் சிறிய தொகையாயினும், பாடலாசிரியரை நோக்கிச் செல்லும் வழி ஒன்று இவ்வாறு பிறந்தது. அனுமதியற்ற தளத்தில் அவ்வழி இல்லை. அத்தளத்துக்கு விளம்பர வருவாய் மட்டும் உண்டு. ‘பெருநிறுவனத்துக்குத்தானே இழப்பு’ என்னும் கூற்றுக்கு 2012க்குப் பின் பொருத்தம் குறைவு.

எது வரையில் சொந்தப் பயன்பாடு?

1980களில் தமிழகத்து ஊர்களில் ஒலிப்பதிவகங்கள் இருந்தன. விரும்பிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால், அவற்றை வெற்று ஒலிநாடாவில் பதிந்து தருவார்கள். பின்னர் கைப்பேசிக் கடைகள் மெமரி கார்டில் பாடல் ஏற்றித் தந்தன. இரண்டும் மக்களுக்கு இசையைக் கொண்டு சேர்த்தன. உரிமையாளரிடம் அனுமதி பெறாதவிடத்து இரண்டும் சட்டமீறலே. பிறர் படைப்பைப் படியெடுத்துப் பொருளீட்டுதல் இங்கே நிகழ்கிறது.

தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் ஆய்வுக்கும் திறனாய்வுக்கும் நேர்மையான அளவில் ஒரு படைப்பைக் கையாளுவதைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்களித்துக் காக்கிறது. வாங்கிய குறுந்தகட்டை ஒருவர் தம் கைப்பேசியில் ஏற்றிக்கொள்வதை எவரும் குறைகூறப் போவதில்லை. அனுமதியற்ற தளத்திலிருந்து இறக்குவதற்கும் இவ்விலக்கு நீளுமா என்பதில் சட்ட அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. பகிர்வதில் இத்தகைய ஐயத்துக்கு இடம் மிகக் குறைவு. பலருக்கு அனுப்புவதைத் தனிப்பட்ட பயன்பாடு என்று சொல்ல முடியாது.

‘டொரன்ட்’ முறையில் இவ்விரண்டையும் பிரிக்கவே முடிவதில்லை. அம்முறையில் கோப்பு சிறுசிறு துண்டுகளாக வருகிறது. வந்து சேர்ந்த துண்டுகளை, முழுக் கோப்பும் வந்து முடியும் முன்னரே, அவர் கணினி பிறருக்கு அனுப்பத் தொடங்கிவிடும். தாம் இறக்கிக்கொள்வதாக மட்டுமே எண்ணியிருப்பவர் தம்மையறியாமல் விநியோகித்துக்கொண்டும் இருக்கிறார். அறிந்தே உரிமையை மீறுவோருக்கு 63ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2,00,000 ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. வணிக நோக்கம் இல்லாதவிடத்து நீதிமன்றம் இதைக் குறைக்கலாம்.

பாரதியின் பாடல்

பதிப்புரிமை என்னும் சொல் தமிழ் மக்களிடையே பெரும் பேச்சான நிகழ்வு இணையத்துக்கு அரை நூற்றாண்டு முந்தியது. பாரதியார் 1921இல் மறைந்தபின் அவர் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை கைமாறிக் கைமாறி, 1940களில் திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ திரைப்படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது அவ்வுரிமை குறித்துப் பூசல் எழுந்தது. மக்கள் கவிஞரின் பாடலுக்குத் தனியார் ஒருவர் உரிமையாளரா என எழுத்தாளர்களும் கலைஞர்களும் கேட்டனர். ஓமந்தூர் இராமசாமி அமைச்சரவை 1949இல் உரிமைகளை அரசுக்கு எடுத்துக்கொள்ள முடிவு செய்தது. மெய்யப்பன் தம்மிடம் இருந்த உரிமையைப் பொருள் பெறாமலே விட்டுக்கொடுத்தார். பின்னர் அப்படைப்புகள் நாட்டு மக்களுக்கே உரியன ஆயின. உரிமையை மீறி அவற்றைப் பொதுவாக்கவில்லை. கேட்டு, பேசி, பெற்றுப் பொதுவாக்கினர்.

தெரிந்து தெளிவோம்

பள்ளி ஆண்டுவிழாவில் மாணவர்கள் திரைப்பாடலைப் பாடுவதோ ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் கூடிய அவையில் ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்வதோ உரிமை மீறல் ஆகாது. திருமண ஊர்வலத்துக்கும் மணவிழாவை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் இத்தகைய விலக்கு உண்டு. ஆண்டுவிழாவின் காணொலியை இணையத்தில் ஏற்றும்போது நிலை மாறுகிறது. மாணவர்கள் தாமே மெட்டமைத்துப் பாடிய பாரதி பாடலாயின் தடையில்லை. அதே பாடலின் திரைப்பதிவு பின்னணியில் ஒலித்திருந்தால், காணொலித் தளத்தின் மென்பொருள் அவ்வொலியைத் தன் தரவுத்தொகுதியுடன் ஒப்பிட்டு அடையாளம் கண்டு, பதிவின் உரிமையாளர் விருப்பப்படி ஒலியை முடக்கவோ விளம்பர வருவாயை அவருக்குச் சேர்க்கவோ செய்யும்.