8 லட்சம் ஆஃபரா, 7.2 லட்சம் ஆஃபரா?

உங்க கையில ரெண்டு ஆஃபர் லெட்டர் இருக்குன்னு வைங்க. முதல் கம்பெனி சிடிசி 8 லட்சம். ஆபீஸ்ல ஜிம், பீன் பேக், டேபிள் டென்னிஸ் எல்லாம் உண்டு. ரெண்டாவது 7.2 லட்சம்தான், ஆபீஸும் சுமார் ரகம். எதை எடுப்பீங்க?

அவசரப்படாம லெட்டர்ல இருக்கிற சம்பளப் பட்டியலைப் பாருங்க.

முதல் கம்பெனியோட 8 லட்சத்துல 1,20,000 வேரியபிள் பே. ரேட்டிங், டார்கெட் பார்த்துத்தான் அது வரும். பேஸிக் 40 சதவீதம், அதாவது 3,20,000. அதுக்கு கம்பெனி போடுற பிஎஃப் 12 சதவீதம், 38,400. கிராஜுவிட்டி 4.81 சதவீதம், 15,392. இன்சூரன்ஸ் பிரீமியம் 18,000. எல்லாமே சிடிசிக்குள்ள அடக்கம்! இதெல்லாம் போய், உங்க பங்கு பிஎஃப்பும் பிடிச்சா மாசம் கைக்கு வர்றது சுமார் 47,500.

ரெண்டாவது கம்பெனியில வேரியபிள் கிடையாது, இன்சூரன்ஸும் சிடிசிக்கு வெளியே. அதே 40 சதவீத பேஸிக்னு கணக்குப் போட்டா மாசம் சுமார் 53,000. (தொழில் வரியை ரெண்டுலயும் கழிக்கல. 2025-26 புது வரி முறையில ரெண்டு சம்பளத்துக்கும் வருமான வரி வராது.)

வேரியபிள் முழுசா வந்தா முதல் கம்பெனிதான் லாபம், மறுக்கல. ஆனா அதுல 56 சதவீதமாவது வந்தாதான் ரெண்டும் சமமாகும். அதனால ஹெச்ஆர் கிட்ட, "போன ரெண்டு வருஷம் எத்தனை சதவீதம் கொடுத்தீங்க?"ன்னு கேளுங்க. கேட்க வெட்கப்படாதீங்க, இஎம்ஐ மாசாமாசம் போறது உங்க அக்கவுண்ட்ல இருந்துதான்.

கிராஜுவிட்டி இன்னொரு கதை. நிரந்தர ஊழியருக்கு பொதுவா 5 வருஷம் முடிச்சாத்தான் அது கிடைக்கும். ரெண்டு வருஷத்துல மாறிடுவோம்னு நினைக்கிறவங்க அந்த 15,392-ஐ மறந்துடலாம்.

என்னைக் கேட்டா, ஜிம்மை விட முக்கியம் அப்பா அம்மாவுக்கு இன்சூரன்ஸ் இருக்கான்னு பார்க்கிறதுதான். அப்பாவுக்கு சுகர் இருக்குன்னா, தனியா எடுக்கிற பாலிசியில அது சம்பந்தப்பட்ட செலவுக்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டி வரலாம். கம்பெனி குரூப் பாலிசியில பெரும்பாலும் முதல் நாள்ல இருந்தே கவர் உண்டு. பெற்றோரைச் சேர்க்கலாமா, பிரீமியம் யார் கட்டுறதுன்னு கேளுங்க. வேலையை விட்டா அந்தக் கவரும் போயிடும், அதனால சின்னதா சொந்த பாலிசியும் ஒண்ணு வெச்சுக்கோங்க.

நோட்டீஸ் பீரியட் 30 நாளா, 90 நாளான்னும் பாருங்க. 90 நாள்னா அடுத்த கம்பெனி காத்திருக்கத் தயங்கும்.

எல்லாப் பதிலையும் மெயில்ல வாங்குங்க. போன்ல சொன்னது ஆறு மாசம் கழிச்சு ஹெச்ஆருக்கே ஞாபகம் இருக்காது.