வலது என்றால் இடது!

முப்பத்தைந்து வயசில் ஒரு பி.காம். ஆசாமிக்கு ஏரோப்ளேன் ஓட்டும் ஆசை வந்தால் என்ன ஆகும்? திருவொற்றியூர் கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு எனக்கு என்ன ஆனதோ, அதுதான் ஆகும்.

பதறாதீர்கள். நிஜ ப்ளேன் இல்லை. ஒரு மீட்டர் இறக்கை, தெர்மாகோலுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி நுரையில் செய்த உடம்பு, மூக்கில் ஒரு மோட்டார், கையில் ரேடியோ பெட்டி. எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குச் சில்லறை குறைவு. வீட்டில் சொன்ன தொகை மூவாயிரம். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், வீட்டுக் கணக்கில்தான் இப்படிக் கை வைக்க முடியும்!

கடலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். மோட்டாரை முறுக்கினேன். வீசினேன். பறந்தது சார்! சரியாக நாலு விநாடி. லேசாக இடது பக்கம் சாய்ந்தது. வலது கொடுத்தேன். இன்னும் இடது பக்கம் சாய்ந்தது. பதறிப்போய் முழு வலது கொடுத்தேன். தலைகுப்புறத் திரும்பி, காத்தாடி விட்டுக்கொண்டிருந்த பத்து வயசுப் பையனை நோக்கிப் போனது. அவன் காதுக்கு ஒரு முழம் தள்ளிப் போய், கரையில் ஏற்றி வைத்திருந்த ஃபைபர் படகில் மோதி விழுந்தது.

பையன் அழவில்லை. எனக்குத்தான் கால் நடுங்கியது.

படகின் நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். உடைந்த மூக்கைப் புரட்டிப் பார்த்தார். என் கையிலிருந்த பெட்டியை வாங்கி, குச்சியை வலது பக்கம் சாய்த்தார். இறக்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இன்னா சார் படிச்சிருக்கே?”

“பி.காம்.”

“அதான்” என்றார்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பல வருஷமாக இந்தக் குட்டி விமானங்களைத் தானே வெட்டி ஒட்டிப் பறக்கவிடுகிறவர். ராயபுரத்தில் அவர் தெருவில் எல்லோருக்கும் அவர் ‘வாத்தியார்’. அன்றிலிருந்து எனக்கும்.

“காத்தாடிக்கு மாஞ்சா போட்டா ஏன் போலீஸ் புடிக்கிது? ரோட்ல போறவன் கழுத்தறுத்துச்சு. அதுவும் வெளயாட்டுதான். உன்னுதுல மூக்குல கத்தி சுத்துது. நிமிஷத்துக்கு எட்டாயிரம் பத்தாயிரம் சுத்து. இத்த ஜனம் நிக்கிற எடத்துல வுடுவியா?”

பதில் இல்லை. வடசென்னையில் மாஞ்சா நூலால் உயிர்கள் போன கதை தெரியாதவனா நான்?

வாத்தியார் என் தப்புகளை விரல் விட்டு எண்ணினார். ஒன்று, சாயங்காலக் கடல்காற்றை முதுகில் வைத்துக்கொண்டு வீசியது. ப்ளேன் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் கிளம்ப வேண்டும். இரண்டு, இறக்கைத் துண்டுகள் தலைகீழாக வேலை செய்ததைக் கவனிக்காதது. மூன்று, இடம். தெற்கே துறைமுகம், மேற்கே மணலி சுத்திகரிப்பு ஆலை, வடக்கே எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அத்திப்பட்டில் அனல் மின் நிலையம்.

“இங்க ப்ளேன் வுட்டா மீன் கொத்துறதுக்கு முன்னாடி போலீஸ் கொத்திடும்.”

இந்த விஷயத்தில் சட்டம் தெளிவு. 2021-ல் வந்த ட்ரோன் விதிகள் நம் குட்டி விமானத்துக்கும் பொருந்தும். பொழுதுபோக்குக்காக, கண் பார்வைக்குள்ளேயே பறக்கவிடும் 25 கிலோ வரையிலான மாடல்களுக்கு அதில் தனி வகையே இருக்கிறது. வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து, டிஜிட்டல் ஸ்கை என்ற வரைபடத்தில் போட்டிருக்கிறார்கள். சிவப்பு என்றால் மத்திய அரசு அனுமதி இல்லாமல் மூச்சு விடக்கூடாது. பச்சையில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் அந்த உயரம் 200 அடி. விதிகளும் மாறும், வரைபடமும் மாறும். ஆகவே பறக்கவிடும் அன்றைக்கே இரண்டையும் பார்த்துவிட வேண்டும். அன்று நான் பார்த்தது கடலை மட்டும்தான்.

மறு ஞாயிறு வாத்தியார் வீட்டுத் திண்ணையில் பாடம் ஆரம்பித்தது. பறக்கவே இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை!

முதல் பாடம், விசிறியைக் கழற்று. திண்ணையில் ரேடியோவைச் சரி பண்ணும்போது மோட்டார் தவறிச் சுற்றினால் விரல் மிஞ்சாது.

இரண்டாவது, வரிசை. முதலில் கையிலுள்ள பெட்டியை ஆன் பண்ணு. மோட்டார் குச்சி அடியில் இருக்கிறதா என்று பார். பிறகுதான் ப்ளேனில் பேட்டரியைச் சொருகு. அணைக்கும்போது நேர் மாறு. பேட்டரி முதலில், பெட்டி கடைசியில். பெட்டியை முதலில் அணைத்தால் ப்ளேன் யார் பேச்சையும் கேட்காத பிள்ளையாகிவிடும்.

மூன்றாவதுதான் என் குலத்தைக் கெடுத்த விஷயம். ப்ளேனின் பின்னால் நின்றுகொள். குச்சியை வலது பக்கம் சாய்த்தால், வலது இறக்கையின் பின் விளிம்பில் இருக்கும் துண்டு மேலே எழ வேண்டும், இடது துண்டு கீழே இறங்க வேண்டும். குச்சியை உன் பக்கம் இழுத்தால் வாலின் படுக்கைத் துண்டு மேலே எழ வேண்டும். சுக்கான், குச்சி போன பக்கம் திரும்ப வேண்டும். என்னுடையதில் இறக்கை தலைகீழ். ரேடியோ பெட்டியின் மெனுவில் ‘ரிவர்ஸ்’ என்று ஒரு வரி. அதை மாற்ற அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்துக்குச் சோம்பல் பட்டுத்தான் ஒரு குழந்தையின் காதுப் பக்கம் போனேன்.

நான்காவது, எடை. இறக்கையின் முன் விளிம்பிலிருந்து, அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே இரண்டு பக்கமும் விரலை வைத்துத் தூக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் அகல இறக்கை என்றால் ஐந்திலிருந்து ஆறரை சென்டிமீட்டர். தராசு மாதிரி நிற்க வேண்டும். மூக்கு ஒரு துளி தாழ்ந்தால் தப்பில்லை. வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் தள்ளு. “மூக்கு கனத்தா எருமை மாதிரி நடக்கும். வால் கனத்தா ஜல்லிக்கட்டு!”

ஐந்தாவது, பேட்டரி. லித்தியம் பாலிமர். மூன்று செல், 11.1 வோல்ட். ஒரு செல் முழுசாக ஏறினால் 4.2 வோல்ட், அதற்கு மேல் ஏற்றினால் உப்பும், தீப்பிடிக்கும். சார்ஜ் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போகக் கூடாது. ஸ்கூட்டர் டிக்கியில் வெயிலில் வைக்கக் கூடாது. காலி பண்ணிவிட்டும் இறங்கக் கூடாது. எட்டாவது நிமிஷம் அலாரம் அடித்தால் தரைக்கு வந்துவிட வேண்டும்.

“அந்தக் காலத்துல இன்னொரு தலைவலி” என்றார் வாத்தியார். அப்போது ரேடியோவில் கிரிஸ்டல் சொருகுவார்கள். பக்கத்தில் இன்னொருவர் அதே அலைவரிசையில் பெட்டியை ஆன் பண்ணினால், நம் ப்ளேன் அங்கேயே காலி. இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸ். பெட்டியும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொண்டு தாலி கட்டின மாதிரி இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் தூரம் நடந்து போய், குச்சி அசைத்தால் துண்டு அசைகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் ஞாயிறு, ராயபுரத்தில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்தோம். வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பொன்னேரிப் பக்கம் ஒரு வயலைப் பிடித்து வைத்திருந்தார் வாத்தியார். அறுப்பு முடிந்து காய்ந்த நிலம். சொந்தக்காரரிடம் சொல்லியாயிற்று. கூட்டம் இல்லை, கம்பி இல்லை.

மடியில் ப்ளேனுடன் உட்கார்ந்திருந்த என்னை மொத்தப் பெட்டியும் பார்த்தது. மீன் கூடைக்காரம்மா ஒருத்தர், “பையனுக்கா?” என்றார். “ஆமாம்” என்றேன். எனக்குப் பையன் கிடையாது!

கூச்சத்தைப் பார்த்து வாத்தியார் ஒரு கதை சொன்னார். 1910-ல் இதே மதராஸில் டி’ஏஞ்சலிஸ் என்ற ஓட்டல் முதலாளி, சிம்ப்சன் கம்பெனியில் சொல்லி ஒரு நிஜ விமானமே கட்டி, பல்லாவரத்தில் பறந்து காட்டினாராம். கோச்சு வண்டி செய்துகொண்டிருந்த கம்பெனி அது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்ததும், அதே எம்.ஐ.டி.யின் ‘தக்ஷா’ மாணவர் குழு 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்ததும் எனக்கே தெரியும். அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித்; குட்டி விமானம் அவருக்குப் பழைய பொழுதுபோக்கு. “தல வுடறாரு, ஓட்டல்காரரு வுட்டாரு. பி.காமுக்கு இன்னா வெக்கம்?”

காலை ஆறரை மணி. அந்த நேரத்தில் கடல்காற்று எழுந்திருக்காது. தரையிலிருந்து மேற்குக் காற்று மெதுவாக வரும். மேற்கே பார்த்து வீசினால் காற்றும் எதிரே, சூரியனும் முதுகுக்குப் பின்னே. இரண்டு பெட்டிகளை ஒரு கேபிளால் இணைத்தார். அவர் சுவிட்சைப் பிடித்திருக்கும்வரை ப்ளேன் என்னுடையது. விட்டால் அவருடையது.

வீசினார். எழுந்தது. நூறடி உயரம் போனதும், “இந்தா, உன்னுது” என்றார்.

அடுத்த மூன்று விநாடியில் நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. குச்சியைக் கழுத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டேன்!

“தம்பி! கிரேன்ல முப்பது டன் தொங்குதுன்னு வெச்சிக்க. குச்சிய வெடுக்குன்னு இழுத்தா இன்னா ஆவும்? ஆடும். ஆடுதேன்னு எதிர்ப்பக்கம் இழுத்தா இன்னும் ஆடும். தொடு, வுடு, பொறு. அதுவா நிக்கும்.”

தொட்டேன், விட்டேன், பொறுத்தேன். அட, நின்றது! மேலே தூக்கிய இறக்கையும், இரண்டு பக்கமும் லேசாக மேல்நோக்கிய வளைவும் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. கற்றுக்குட்டிக்கான ப்ளேன், கையை எடுத்தால் தானே சமன் ஆகிவிடும். அதைப் பறக்கவிடாமல் கெடுத்துக்கொண்டிருந்தது என் கைதான்.

அடுத்த கண்டம், ப்ளேன் என்னை நோக்கித் திரும்பி வரும்போது. போகும்போது வலது வலதுதான். வரும்போது அதன் வலது என் இடது. மூளை குழம்பும், கை தப்புப் பக்கம் போகும். மூன்று ஞாயிறு இதே இடத்தில் வாத்தியார் என்னிடமிருந்து ப்ளேனைப் பிடுங்கினார்.

நாலாவது ஞாயிறு, ரயிலில் ஒரு கம்பெனியின் பேங்க் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டு போனேன். பொறி தட்டியது. பேங்கில் இருக்கும் பணம் நம் ரொக்கப் புத்தகத்தில் பற்று. அதே பணம் பாஸ்புக்கில் வரவு. காரணம், பாஸ்புக் பேங்கின் கண்ணால் எழுதியது! இதில் குழம்பாதவன் அதில் ஏன் குழம்ப வேண்டும்?

சொன்னேன். வாத்தியாருக்குப் பற்றும் புரியவில்லை, வரவும் புரியவில்லை. “எங்க பாஷைல சொல்றேன். உன்னப் பாத்து வரும்போது எந்த ரெக்க தாழ்ந்திருக்கோ, குச்சிய அந்தப் பக்கம் சாய். முட்டுக் குடுக்கிற மாதிரி. அவ்ளோதான்.”

இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். அன்று அவர் பிடுங்கவில்லை.

ஒன்பதாம் ஞாயிறு கேபிளைக் கழற்றினார். இறக்குவதுதான் பரீட்சை. வேகம் குறைந்து ப்ளேன் தாழும்போது குச்சியை இழுத்துத் தூக்கத் தோன்றும். தூக்கினால் காற்றின் பிடி விட்டுப்போய்க் கல்லாக விழும். மூக்கை லேசாகத் தாழ்த்தி, இறங்க விட வேண்டும். தரைக்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் துளி இழுக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்காமல் நின்றேன். தாளடியில் சரசரவென்று சறுக்கி நின்றது. ஒரு சக்கரத்தைக் காணோம்.

“வந்துச்சில்ல” என்றார் வாத்தியார். அவர் அகராதியில் இது தங்க மெடல்.

அடுத்த வாரம் லோக்கலில் மூன்று டிக்கெட். மூன்றாவது, அந்தக் காத்தாடிப் பையனுக்கு. அவன் அம்மாவிடம் நானே போய், அன்று நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, அனுமதி வாங்கி வந்தேன். கேபிளில் எனக்கு எட்டு ஞாயிறு ஆனது. பையன் மூன்றாவது வாரமே வட்டம் போட்டான். காற்றோடு பழகின கை! “அங்கிள், நீங்க ரொம்பப் பிடிக்கிறீங்க” என்று எனக்குப் புத்தி வேறு சொன்னான். புத்தியைப் பொறுத்துக்கொண்டேன். ‘அங்கிள்’தான் வலித்தது.

அன்று ராத்திரி வீட்டில் உண்மையைச் சொல்லத் தைரியம் வந்தது. “அந்த ப்ளேன் மூவாயிரம் இல்லை...” என்று ஆரம்பித்தேன்.

மனைவி பேசாமல் அலமாரியிலிருந்து பாஸ்புக்கை எடுத்து நீட்டினாள். பத்தாயிரத்துக்குச் சில்லறை குறைவு. பென்சிலால் வட்டம் போட்டிருந்தது, மூன்று மாசத்துக்கு முன்பே!