மூன்றாவது கமிட் எங்கே?

1, 2, 3, 4, 5 என்று வரிசையாக ஐந்து கமிட்கள். மூன்றையும் நான்கையும் இடம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. கிட் தரும் ரீபேஸ் பட்டியலில் ‘பிக் 4’ வரியை வெட்டி, ‘பிக் 3’க்கு மேலே ஒட்டிச் சேமிக்கிறீர்கள். கிடைப்பது 1, 2, 4, 5. மூன்றாவது கமிட், இரண்டிலிருந்து தனியாக முளைத்து ஓரமாக நிற்கிறது. கிட் மென்பொருளின் கையேடே இந்த உதாரணத்தைப் படம் போட்டு, வழுக்கள் என்ற தலைப்பின் கீழ் பல ஆண்டுகள் வைத்திருந்தது.

லினக்ஸ் கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கருவி கிட். அதில் சேமிக்கும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட்; ஒவ்வொரு கமிட்டும் தன் பெற்றோர் யார் என்று குறித்து வைத்திருக்கும். கிளைகள் கூடும் இடமான மெர்ஜ் கமிட்டுக்குப் பெற்றோர் இருவர், சில சமயம் அதற்கு மேலும். கமிட்களைப் பெயர்த்து வேறு அடித்தளத்தில் நடுவதுதான் ரீபேஸ். சாதாரண ரீபேஸ் மெர்ஜ்களைக் கண்டுகொள்ளாமல், எல்லாக் கிளைகளையும் ஒரே கோடாக்கிவிடும்.

விண்டோஸுக்கான கிட்டைப் பராமரித்துவந்த யோஹன்னஸ் ஷிண்டெலினுக்கு அது ஒத்துவரவில்லை. மூல கிட்டின் மேல் அவர் சுமந்த மாற்றங்கள் கிளை கிளையாக இருந்தன. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அந்தப் புதரை அப்படியே பெயர்த்து நட வேண்டும். அதற்காக 2007இல் அவர் எழுதியதுதான் ‘ப்ரிசர்வ் மெர்ஜஸ்’. பட்டியலைக் கையால் திருத்தும் எண்ணமே அவருக்கு இல்லை. அந்தக் கதவைப் பிறகு வேறொருவர் திறந்துவிட்டார். தொடக்கத்தில் பார்த்த மூன்றாவது கமிட் ஓரமாக நின்றது அதனால்தான்.

அந்தப் பட்டியலில் சாதாரண கமிட்டும் ‘பிக்’, மெர்ஜும் ‘பிக்’. பெற்றோர் யாரென்று வரியில் இருக்காது. பழைய வரலாற்றைப் பார்த்துக் கருவியே முடிவு செய்துகொள்ளும். திருத்துபவரோ, மேல் வரிதான் முந்தையது என்று நம்பிக்கொண்டிருப்பார். ‘முருகன் கண்ணன் அடித்தான்’ என்று எழுதிவிட்டு, யார் யாரை அடித்தார் என்பதை வாசகர் தலையில் கட்டுவது போன்ற வேலை இது. நிரல் வழு என்பதைவிட இலக்கண வழு என்றே சொல்வேன்: வேற்றுமை உருபு விடுபட்டுவிட்டது.

2018இல், 2.18 பதிப்பில், ‘ரீபேஸ் மெர்ஜஸ்’ என்ற பெயரில் அதே ஷிண்டெலின் புதிய இலக்கணம் கொண்டுவந்தார். தேடல் பெட்டிக்கு ஒரு கிளை இருந்தது என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் ஏறக்குறைய இப்படி வரும்:

லேபிள் ஆன்ட்டோ
ரீசெட் ஆன்ட்டோ
பிக் தேடல் பெட்டி
லேபிள் தேடல்
ரீசெட் ஆன்ட்டோ
பிக் அச்சுப் பொத்தான்
மெர்ஜ் தேடல்

லேபிள், நிற்கும் இடத்துக்குப் பெயர் வைக்கிறது; ‘ஆன்ட்டோ’ என்பது புதிய அடித்தளம். ரீசெட், பெயரிட்ட இடத்துக்குத் திரும்புகிறது. மெர்ஜ், எதை இணைக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்கிறது. அச்சுப் பொத்தானும் தேடல் கிளைக்குள் போக வேண்டுமா? அந்த வரியை ‘லேபிள் தேடல்’ வரிக்கு மேலே தூக்கி வைத்தால் போதும். மெர்ஜ் வரியில் பெரிய ‘சி’ போட்டால் பழைய கமிட் குறிப்பு அப்படியே வரும். சின்ன ‘சி’ போட்டால் திருத்துவதற்கு எடிட்டர் திறக்கும். கமிட் கட்டளையில் ஏற்கெனவே பழகிய வழக்கம்தான். ரீசெட்டின் சுருக்கம் மட்டும் ‘டி’. ‘ஆர்’ எழுத்தை, கமிட் குறிப்பைத் திருத்தும் ‘ரீவேர்ட்’ கட்டளை முன்பே பிடித்துவைத்திருந்தது.

‘ப்ரிசர்வ் மெர்ஜஸ்’ என்ற பழைய விருப்பம் 2021இல், 2.34 பதிப்போடு நீக்கப்பட்டது. ஆனால் புதியதிலும் ஒரு குறை உண்டு: பழைய மெர்ஜில் முரண்பாடுகளைக் கையால் தீர்த்திருந்தால், புதிய மெர்ஜுக்கு அந்தத் தீர்வு தானாக வந்து சேராது. மறுபடியும் கையால்தான் தீர்க்க வேண்டும். முந்தைய தீர்வுகளை நினைவில் வைக்கும் ‘ரெரெரெ’ என்ற வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால் தப்பிக்கலாம். நான் இயக்கி வைத்திருக்கவில்லை.